ஒரு குதிரை நீளம்

இங்கிலாந்தின் ஊர்ப்புறங்களில் கோடைக்காலம் முழுக்க நடக்கும் குதிரைக் காட்சிகளில் சிவப்பு நாடாவை இரண்டு இடங்களில் பார்க்கலாம். கடிவாளப் பட்டையில் சிவப்பு ரோசெட் குத்தியிருந்தால் அந்தக் குதிரை முதல் பரிசு வாங்கியிருக்கிறது. வால் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தால் அந்தக் குதிரை உதைக்கும். அமெரிக்காவில் முதல் பரிசுக்கு நீலம், இரண்டாம் பரிசுக்குத்தான் சிவப்பு. ஆனால் வாலில் கட்டிய சிவப்புக்கு அங்கும் இதே பொருள்தான். பழக்கம் போதாத இளங்குதிரைக்குப் பச்சை, ஆண்குதிரைக்கு மஞ்சள், விற்பனைக்கு வந்ததற்கு வெள்ளை என்று வேறு நிறங்களும் புழக்கத்தில் உண்டு. அவை இடத்துக்கு இடம் மாறும். சிவப்பு மட்டும் பெரும்பாலும் மாறுவதில்லை.

வாலில் சிவப்பு கட்டுவது நரிவேட்டைக் களத்தில் நெடுங்காலம் புழங்கிய வழக்கம். வயல்வெளியில் பரந்து ஓடிவந்த குதிரைகளெல்லாம் ஒரே ஒரு வேலிக் கதவின் முன்னால் வந்து முட்டிக்கொண்டு நிற்கும். வியர்த்து, மூச்சு வாங்கி, இன்னும் ஓடத் துடிக்கும் விலங்குகள். ஒன்றின் மூக்குக்கு முன்னால் இன்னொன்றின் பின்புறம். உதைக்கும் குதிரையோடு வந்தவர் கடைசியில்தான் நிற்க வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். வேட்டை நாய்கள் பக்கத்தில் கடந்து போகும்போது குதிரையின் முகத்தை அவற்றின் பக்கம் திருப்பி நிறுத்த வேண்டும். பின்புறத்தைக் காட்டக் கூடாது. நாயை உதைத்துவிட்ட குதிரையின் சவாரிக்காரர் அந்தக் களத்தில் நிமிர்ந்து நிற்க முடியாது. நாய்களை விட்டுக் காட்டு விலங்குகளை வேட்டையாடுவதை 2004-ல் வந்த சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தடை செய்தது. வேலிக் கதவருகே கற்ற மரியாதைகள் மட்டும் காட்சித் திடல்களில் தொடர்கின்றன. 1929-ல் பிரிட்டனில் தொடங்கிய போனி கிளப் போன்ற அமைப்புகளில் பிள்ளைகள் குதிரை மேல் உட்காரக் கற்கும்போதே இவற்றையும் சேர்த்துக் கற்றுக்கொள்கிறார்கள்.

இவற்றை மனிதர்கள் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட நாகரிகம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குதிரைகள் தங்களுக்குள் ஏற்கெனவே கடைப்பிடித்து வரும் இடைவெளியை, அதைக் கடைப்பிடிக்க முடியாத ஒரு திடலில், அவற்றின் சார்பாக நாம் காப்பாற்றித் தருகிறோம். குதிரை ஏன், எப்போது, எப்படி உதைக்கிறது என்று தெரிந்தவருக்கு இந்த விதிகளில் ஒன்றையும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

முதலில் அந்தச் சிவப்பு ரிப்பனையே எடுத்துக்கொள்வோம். குதிரைகளுக்கு அது சிவப்பாகத் தெரியாது. நம் விழித்திரையில் நிறம் உணரும் கூம்புச் செல்கள் மூன்று வகை. குதிரைக்கு இரண்டே வகை. 2001-ல் வெளியான ஓர் ஆய்வு அவற்றின் நிறமிகளை அளந்தது: ஒன்று 428 நானோமீட்டர் அலைநீளத்திலும், மற்றது 539 நானோமீட்டரிலும் ஒளியை மிகுதியாக உள்வாங்குகிறது. நீலத்தையும் மஞ்சளையும் குதிரை நன்றாகப் பிரித்தறியும். சிவப்பும் பச்சையும் அதற்கு ஏறக்குறைய ஒரே குடும்பம். பிரிட்டனில் தடை தாண்டும் குதிரைப் பந்தயங்களின் வேலிகளில் ஆண்டுக்கணக்கில் ஆரஞ்சு நிறப் பட்டைகள்தான் இருந்தன. புல்லின் பச்சையிலிருந்து அந்த ஆரஞ்சு மனிதக் கண்ணுக்குத்தான் பளிச்சென்று தனித்துத் தெரிகிறது, குதிரையின் கண்ணுக்கு இல்லை என்று ஆய்வில் தெரிந்த பிறகு, 2022 முதல் அவற்றை வெள்ளைக்கு மாற்றத் தொடங்கினார்கள். ஆகவே வாலில் கட்டிய சிவப்பு, பின்னால் வரும் குதிரைக்கு எந்த எச்சரிக்கையும் தராது. அந்தக் குதிரையின் மேல் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் அந்தச் செய்தி. அவர் படிக்கத் தவறினால் அந்த ரிப்பன் வெறும் அலங்காரம்.

குதிரையின் கண் தரைவாழ் பாலூட்டிகளின் கண்களிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று. அது தலையின் பக்கவாட்டில் இருக்கிறது. தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய 350 பாகையைக் குதிரை பார்த்துவிடும். மேய்ந்துகொண்டே பின்பக்கவாட்டில் பதுங்கி வருவதைக் கண்டுபிடிக்க வேண்டிய விலங்குக்கு இந்த அமைப்புப் பொருத்தமானது. மிச்சமிருக்கும் சிறு பகுதிதான் சிக்கல். மூக்குக்கு நேர் முன்னால் ஒரு சிறு இடமும், வாலுக்கு நேர் பின்னால் ஒரு குறுகிய பட்டையும் அதன் பார்வையில் விழுவதில்லை. முன்னால் போனால் கடிக்கிறது, பின்னால் போனால் உதைக்கிறது என்று நாம் சலித்துக்கொள்ளும் இரண்டு திசைகளும் குதிரைக்குக் கண் தெரியாத திசைகளாகவே அமைந்திருக்கின்றன. பின்னால் இருக்கும் அந்தப் பட்டைக்குள் ஏதோ நுழைந்திருக்கிறது என்று காதுதான் முதலில் சொல்லும். காலடிச் சத்தம் கேட்கிறது. வருவது யார் என்று தெரியவில்லை. ஓநாய்களிடமிருந்தும் பெரும்பூனைகளிடமிருந்தும் தப்பிப் பிழைத்த மூதாதைகளின் வழிவந்த விலங்கு அந்த நிலையில் நல்லெண்ணத்தை எதிர்பார்த்து நிற்காது. ஓட வழியிருந்தால் ஓடும். இல்லாவிட்டால் காலைத் தூக்கும்.

அந்தக் கால் எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். நம் முழங்காலுக்கு ஈடான மூட்டு குதிரையின் வயிற்றோரத்தில் ஏறக்குறைய மறைந்திருக்கிறது. பின்காலின் நடுவில் பின்னோக்கித் துருத்திக்கொண்டு நிற்கிறதே, அது நம் கணுக்காலுக்கு ஈடானது. அதற்குக் கீழே இருப்பதெல்லாம் பாதம். தரையைத் தொடும் குளம்பு ஒற்றை நடுவிரலின் நகம். இடுப்பிலும் தொடையிலும் கனத்த தசைகள் திரண்டிருக்கின்றன. நடுமூட்டுக்குக் கீழே எலும்பும் தசைநாணும் தோலும்தான், சதைப்பற்று இல்லை. எடையெல்லாம் மேலே, முனை இலேசு. வேகமாக ஓடுவதற்காகப் பரிணாமம் செதுக்கிய அமைப்பு இது. வேகமாக வீசுவதற்கும் அதே அமைப்பு உதவுகிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. முழங்காலுக்கு ஈடான மேல்மூட்டையும், கணுக்காலுக்கு ஈடான நடுமூட்டையும் முன்புறமும் பின்புறமும் இரண்டு தசைநாண் பட்டைகள் இணைத்திருக்கின்றன. மேல்மூட்டு நீண்டால் நடுமூட்டும் கூடவே நீண்டாக வேண்டும். ஒன்று மடங்கினால் மற்றதும் மடங்கும். இடுப்புத் தசைகள் சுருங்கிய மறுகணமே முழுக் காலும் ஒரே வீச்சில் நிமிர்வதற்கு இந்தப் பிணைப்பு துணை செய்கிறது. எட்வர்ட் மைபிரிட்ஜ் 1887-ல் வெளியிட்ட 781 தகடுகள் கொண்ட விலங்கசைவுப் படத்தொகுப்பில் கோவேறு கழுதை உதைக்கும் வரிசைகளும் இருக்கின்றன. இரண்டு பின்னங்கால்களாலும் உதைக்கும் விலங்கு தலையைத் தாழ்த்தி, எடையை முன்னங்கால்களுக்கு மாற்றிக்கொண்ட பிறகுதான் பின்புறத்தைத் தூக்க முடியும். ஒற்றைக் காலால் உதைப்பதற்கு அவ்வளவு ஆயத்தம் வேண்டாம். மாடு உதைப்பதுபோல முன்னோக்கியும் பக்கவாட்டிலும் காலை வீசும் குதிரைகளும் இருக்கின்றன. ஆகையால் பக்கத்தில் நிற்பவர் முழுப் பாதுகாப்பில் இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. முன்னங்கால் தோளருகே நிற்பதுதான் ஓரளவு நம்பத்தகுந்த இடம்.

குளம்பு விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் வருவதாக வைத்துக்கொள்வோம். கண்ணால் கண்டு உடம்பை அசைக்கத் தொடங்குவதற்கே மனிதனுக்கு ஏறத்தாழ 0.2 விநாடி ஆகும். அதற்குள் குளம்பு 1.6 மீட்டர் கடந்துவிடும். உதை வருவதைப் பார்த்து விலகிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையை இந்தக் கணக்கோடு விட்டுவிடலாம். விலகல் முன்கூட்டியே நடந்திருக்க வேண்டும்.

குதிரைக்குப் பின்னால் போக வேண்டியிருந்தால் ஒன்று ஒட்டிப் போ, இல்லாவிட்டால் எட்டிப் போ என்று லாயங்களில் சொல்லித் தருவதன் காரணமும் இந்த வேகம்தான். குளம்பு தரையை விட்டுக் கிளம்பும்போது அதன் வேகம் சுழியம். கால் நீள நீளத்தான் வேகம் ஏறுகிறது. மோதும் ஆற்றலோ வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் அடி நான்கு மடங்கு. குதிரையின் பிட்டத்தில் கையை வைத்துக்கொண்டு உடம்பை ஒட்டினாற்போல் கடந்து போகிறவரை அந்தக் கால் வேகம் பிடிப்பதற்குள் தொட்டுவிடும். அது பெரும்பாலும் ஒரு வலுவான தள்ளலாகவே இருக்கும். கையடியில் தசை இறுகுவதையும் அவர் முன்பே உணர்ந்துவிடுவார். அவர் எங்கே இருக்கிறார் என்று குதிரைக்கும் தெரிந்திருக்கும். மூன்று மீட்டருக்கு அப்பால் போகிறவரைக் கால் எட்டாது. இரண்டுக்கும் நடுவே, கையெட்டும் தூரத்துக்குச் சற்று அதிகமாகத் தள்ளி, அடி படாது என்ற எண்ணத்தில் நடந்து போகிறாரே, அவர்தான் கால் முழு வேகம் பிடிக்கும் இடத்தில் நடக்கிறார். பெரும்பாலான பார்வையாளர்கள் இயல்பாகத் தேர்ந்தெடுக்கும் தூரமும் அதுதான் என்பது கவலைக்குரியது. பழகிய குதிரைக்குத்தான் ஒட்டிப் போகும் வழி. முன்பின் தெரியாத குதிரையிடம் எட்டிப் போவது ஒன்றே முறை.

குதிரைக்கூட்டத்தில் உதை என்பது பேச்சின் கடைசிச் சொல். அதற்கு முன்னால் பல சொற்கள் இருக்கின்றன. முதலில் ஒரு காது மட்டும் பின்னால் திரும்பும். பின்னால் இருப்பதை அது கேட்டுக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். பிறகு இரண்டு காதுகளும் பிடரியோடு படியும். வால் ஈ விரட்டும் தாளத்தை விட்டு வெட்டி வெட்டி வீசும், அல்லது இரண்டு தொடைகளுக்கும் நடுவே இறுக ஒட்டிக்கொள்ளும். பின்புறத்தை மற்றக் குதிரையின் பக்கம் நகர்த்தும். ஒரு பின்னங்காலிலிருந்து எடை கழன்று, குளம்பின் நுனி மட்டும் தரையில் நிற்கும். ஓய்வாக நிற்கும் குதிரையும் இப்படித்தான் ஒரு காலைத் தளர்த்தும். ஆனால் அப்போது காது தளர்ந்திருக்கும், கீழுதடு தொங்கும். காது படிந்து, வாய் இறுகி, கால் மட்டும் தளர்ந்திருந்தால் அது ஓய்வில்லை. கடைசியில் ஒரு கீச்சொலி, அல்லது காலை இலேசாகத் தூக்கி வைக்கும் மிரட்டல். ஒன்றாக வளர்ந்த கூட்டத்தில் பெரும்பாலும் விஷயம் காதோடு முடிந்துவிடும். இளைய குதிரை இரண்டடி விலகும். மூத்தது மேய்ச்சலுக்குத் திரும்பும்.

இனி இரண்டு குதிரைகளைக் காட்சித் திடலில், போட்டிக்கு முன் உடம்பைச் சூடேற்றும் வார்ம் அப் மைதானத்தில் வைத்துப் பார்ப்போம். 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். உள்ளே பத்துக் குதிரைகள். காலையில் டிரெய்லரில் குலுங்கி வந்தவை. ஒன்றையொன்று முன்பின் அறியாதவை. ஒலிபெருக்கி அலறுகிறது. வாலில் சிவப்பு ரிப்பன் கட்டிய ஒரு செம்பழுப்புப் பெட்டைக் குதிரை வேலியோரமாக நடந்து வருகிறது. அதன் பின்னால் ஒரு சிறுமி போனியில் துள்ளுநடையில் வருகிறாள். அவள் பார்வை மைதானத்துக்கு வெளியே நிற்கும் பயிற்சியாளரின் மேல். இடைவெளி நான்கு மீட்டர். பெட்டையின் இடது காது பின்னால் திரும்புகிறது. மூன்று மீட்டர். இரண்டு காதும் படிகின்றன. மேய்ச்சல் நிலமாக இருந்தால் போனி இப்போது விலகியிருக்கும்; ஆனால் அதன் கடிவாளம் சிறுமியின் கையில் இருக்கிறது, அவளுடைய கால்கள் அதை முன்னே தள்ளுகின்றன. பெட்டை முன்னால் ஓடியிருக்கும். அதன் வாயை ஒருவர் இழுத்துப் பிடித்திருக்கிறார், முன்னால் இன்னொரு குதிரை நிற்கிறது, ஒரு பக்கம் வேலி. வால் வெட்டுகிறது. இரண்டு மீட்டர். பெட்டையின் தலை தாழ்கிறது, முதுகு மேலெழும்புகிறது. சவாரிக்காரர் குனிந்து பார்ப்பதற்குள் இடது பின்னங்கால் போய்த் திரும்பிவிட்டது. போனியின் முன்னங்காலில் பட்டதா, சிறுமியின் கணைக்காலில் பட்டதா என்பது சில அங்குலங்களின் விஷயம்.

இரண்டு குதிரைகளும் தங்கள் வழக்கத்தில் ஒன்றையும் மீறவில்லை. எச்சரிக்க வேண்டியது எச்சரித்தது; விலக வேண்டியது விலக நினைத்தது. இரண்டையும் தடுத்தவர்கள் மேலே உட்கார்ந்திருந்தார்கள். குதிரையிடமிருந்து விலகும் உரிமையை வாங்கிக்கொண்ட பிறகு, அந்த விலகலைச் செய்து கொடுப்பது வாங்கியவரின் பொறுப்பு.

வார்ம் அப் மைதான விதிகள் எல்லாம் இங்கிருந்துதான் பிறக்கின்றன. முன்னால் போகும் குதிரைக்கும் பின்னால் வரும் குதிரைக்கும் இடையே குறைந்தது ஒரு குதிரை நீளம், ஏறத்தாழ இரண்டரை மீட்டர், இருக்க வேண்டும்; ரிப்பன் கட்டியிருந்தால் அது இரண்டு மடங்கு. உட்கார்ந்த இடத்திலிருந்து இதை அளக்க எளிய வழி உண்டு: உங்கள் குதிரையின் இரண்டு காதுகளுக்கு நடுவே, முன்னால் போவதன் பின்குளம்புகள் தரையில் பதிவது தெரிய வேண்டும். அதன் வால் மட்டும்தான் தெரிகிறது என்றால் நெருங்கிவிட்டீர்கள். எதிரெதிரே வருபவர்கள் ஒருவரையொருவர் இடப்பக்கமாகக் கடக்க வேண்டும், இடது தோளுக்கு இடது தோள். இது எல்லோருக்கும் தெரிந்திருந்தால் யாரும் கடைசி நொடியில் கடிவாளத்தை இழுத்துக் குதிரையைக் குறுக்கே திருப்ப வேண்டியிருக்காது. குறுக்கே திரும்பும் குதிரை காட்டுவது தன் பின்புறத்தைத்தானே. மெதுவாகப் போவோர் வேலியோரத்தை வேகமாகப் போவோருக்கு விட்டு உள்பக்கம் வர வேண்டும். முந்திப் போகிறவர் எந்தப் பக்கம் போகிறார் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தடத்தில் நின்று பேசக் கூடாது. வாசலைத் திறந்து நுழையும் முன் குரல் கொடுக்க வேண்டும். இவற்றில் நான் எதையாவது மேலே வைக்க வேண்டுமென்றால் கண்ணை நிமிர்த்தி வைத்திருப்பதைத்தான் வைப்பேன். தன் குதிரையின் கழுத்தையே குனிந்து பார்த்துக்கொண்டு ஓட்டுகிறவருக்கு மற்ற விதிகள் எதுவும் உதவாது.

ரிப்பன் கட்டியவருக்கும் கடமை உண்டு. இதைச் சிலர் மறந்துவிடுகிறார்கள். எச்சரித்துவிட்டேன், இனி அடி பட்டால் அது பட்டவரின் பாடு என்பதுபோல் நடந்துகொள்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1971-ல் வந்த விலங்குகள் சட்டப்படி, விலங்கு விளைவித்த தீங்குக்குச் சில சூழல்களில் கவனக்குறைவு நிரூபணமாகாமலே அதை வைத்திருப்பவர் பொறுப்பாகலாம். சட்டம் இருக்கட்டும். நெரிசல் குறைந்த நேரத்தில் வார்ம் அப் செய்வது, வரிசையில் நிற்க வேண்டியபோது ஓரத்தைக் கேட்டு வாங்குவது, பின்புறத்துக்கு நேரே ஆளில்லாத திசையைத் தேடுவது, வாசலில் எல்லோரும் போன பிறகு போவது எல்லாம் அவர் செய்ய வேண்டியவை. இன்னொரு குதிரை நெருங்கி, தன் குதிரையின் காது படிந்துவிட்டால், தலையை நெருங்கி வருவதன் பக்கம் திருப்ப வேண்டும். தலை அந்தப் பக்கம் போனால் பின்புறம் எதிர்ப்பக்கம் விலகும். பயந்தவர் கை பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகத் தலையை அப்பால் இழுத்து, குளம்புகளை எதிராளியின் பக்கம் கொண்டுவந்து நிறுத்திவிடும். முன்னோக்கி நடக்க விடுவதும் நல்லது; நடந்துகொண்டிருக்கும் குதிரைக்கு எடையை முன்னங்கால்களில் ஊன்றி இரண்டு கால்களையும் வீசுவது கடினம்.

உதைத்த குதிரையைச் சாட்டையால் அடிப்பதில் பயனிருப்பதாக எனக்குத் தெரியவில்லை. குதிரையின் கணக்கில் உதை பலன் தந்துவிட்டது: நெருங்கி வந்தது பயந்து பின்வாங்கிவிட்டது. அடுத்த முறை காதைக் காட்டிக்கொண்டு காத்திருக்க அதற்கு என்ன தேவை? இப்படித்தான் எச்சரிக்கைச் சொற்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, நேரே காலில் தொடங்கும் குதிரைகள் உருவாகின்றன. தாமதமாக விழும் அடி, வேறொரு குதிரை பக்கத்தில் வந்தால் வலி வரும் என்பதையும் கூடுதலாகக் கற்றுக்கொடுக்கும்.

வலி ஏற்கெனவே இருந்திருக்கவும் கூடும். நேற்றுவரை சாதுவாக இருந்து திடீரென்று காலைத் தூக்கத் தொடங்கிய குதிரையைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுவதுதான் முதல் வேலை. முதுகுவலி, பொருந்தாத சேணம், இரைப்பைப் புண் என்று பல காரணங்கள் இருக்கலாம். போட்டிக் குதிரைகளிடம் இரைப்பைப் புண் சாதாரணமாகக் காணப்படுவது. பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் சூ டைசன், சவாரியின்போது குதிரை காட்டும் 24 நடத்தைகளைப் பட்டியலிட்டு 2018-ல் வெளியிட்டார். அவற்றில் எட்டோ அதற்கு மேலோ தெரிந்தால் எலும்பு, மூட்டு, தசை வலி இருப்பதற்கு வாய்ப்பு அதிகம். நெடுநேரம் காதைப் படியவைத்திருப்பது, வாலைத் திரும்பத் திரும்ப வீசுவது ஆகியவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. உதைக்கப் போகும் குதிரையின் அடையாளமாக மேலே சொன்னவையும் இவைதாம். முரட்டுத்தனம் என்று ரிப்பன் கட்டி ஒதுக்கிய குதிரை, சொல்லத் தெரிந்த ஒரே வழியில் நோயைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கலாம்.

தரையில் நிற்பவர்களுக்கு வருவோம். திடலில் சவாரிக்காரர்களைவிட எண்ணிக்கையில் அதிகம் இவர்கள்தாம்: பெற்றோர், நண்பர்கள், தள்ளுவண்டியில் குழந்தை, கயிற்றில் நாய். டிரெய்லரின் பக்கவாட்டில் கட்டியிருக்கும் குதிரையைத் தோளை நோக்கிப் பக்கவாட்டில், பேசிக்கொண்டே அணுக வேண்டும். காலில் பட்டை சுற்றும்போது குந்தலாம். மண்டியிடவோ தரையில் உட்காரவோ கூடாது, எழுந்திருக்க நேரமிருக்காது. வாலைப் பின்னும்போது பிட்டத்தின் ஓரமாக நிற்க வேண்டும். ஹெல்மெட் சவாரிக்கு மட்டும் உரியதில்லை. குதிரையை ஏற்றி இறக்கும்போதும் தலையில் இருக்கட்டும். பின்வாசல் வழியாக இறக்கும் டிரெய்லரில் முதலில் தலைக்கயிற்றை அவிழ்த்து, ஒருவர் பிடித்துக்கொண்ட பிறகே பின்தடுப்பை எடுக்க வேண்டும். வரிசை மாறினால், பின்னால் வழி திறந்ததும் குதிரை பின்வாங்கும், கயிறு இழுக்கும், அது மிரளும். சாய்தளத்துக்கு நேர் பின்னால் அப்போது யாரும் நிற்கக் கூடாது. பரிசளிப்பு வரிசையும் அப்படித்தான்: இதுவரை தனித்தனியே ஓடியவை தோளோடு தோள் நெருங்கி நிற்கின்றன, கைதட்டல் எழுகிறது, ரோசெட் காதருகே படபடக்கிறது. அங்கே இரண்டு குதிரைகளுக்கு இடையே ஓர் ஆள் இடம் அதிகமாக விட்டு நிறுத்தும் அமைப்பாளரை நான் மதிக்கிறேன்.

நம்மூரிலும் குதிரைகள் கூடும் இடங்கள் உண்டு. ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவையொட்டிப் பெரிய குதிரைச் சந்தை நடக்கிறது. கட்டியிருக்கும் குதிரைகளைப் பார்க்கக் குடும்பம் குடும்பமாக மக்கள் வருகிறார்கள். நம்மிடையே சிவப்புத் துணி அலங்காரத்துக்கும் மங்கலத்துக்கும் உரியது. வாலில் கட்டினால் யாரும் அதை அபாயமாகப் படிக்க மாட்டார்கள். அந்தச் சின்னத்தை இங்கே கொண்டுவருவதைவிட, பின்னால் மூன்று மீட்டருக்கு ஒரு கயிறு கட்டி, குழந்தைகளை அதற்கு வெளியே நிறுத்துவது பலன் தரும்.

அடி பட்டுவிட்டால், இலாடம் இருந்ததா என்பது முக்கியமான கேள்வி. சுவிட்சர்லாந்தில், ஜூரிச் கால்நடை மருத்துவ ஆய்வாளர்கள் குதிரை எலும்புகளின் மேல் உதையைப் போன்ற மோதல்களை ஆய்வகத்தில் நிகழ்த்திப் பார்த்தார்கள். வெறும் குளம்பைவிட எஃகு, அலுமினிய இலாடங்கள் எலும்பை மிக எளிதில் முறித்தன. பல குதிரைகளை ஒன்றாகத் திறந்துவிடும் லாயங்கள் பலவற்றில் பின்னங்காலில் இலாடம் கூடாது என்று விதி வைத்திருப்பதற்கு இது போதுமான காரணம். மனிதரின் வயிற்றில் விழுந்த உதை வெளியே ஒரு கன்றலாக மட்டும் தெரிய, உள்ளே ஈரலோ மண்ணீரலோ கிழிந்து இரத்தம் கசியலாம். எழுந்து நடக்கிறார் என்பதை நம்பாமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். தலையில் பட்டிருந்தால் சொல்ல வேண்டியதே இல்லை.

உதை வாங்கிய குதிரைக்கும் இதே கவனம் தேவை. அதன் கணைக்காலின் உட்புறத்தில் எலும்புக்கு மேல் தோல்தான் இருக்கிறது. அங்கே விழும் உதை எலும்பில் மயிரிழை விரிசல் போட்டிருக்கலாம். குதிரை கொஞ்சம் நொண்டி, மறுநாள் சரியாகிவிட்டதுபோல் நடக்கும். பிறகு ஒருநாள் படுத்து எழும்போது மொத்த எடையும் அந்தக் காலில் விழ, விரிசல் முழு முறிவாகும். அரை டன் எடையுள்ள விலங்குக்கு அந்த முறிவு பெரும்பாலும் கருணைக்கொலையில்தான் முடியும். அதனால்தான் இத்தகைய அடிக்குப் பின், எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாவிட்டாலும், குதிரையைப் படுக்க முடியாதபடி வாரக்கணக்கில் கட்டிவைக்கச் சொல்கிற மருத்துவர்கள் இருக்கிறார்கள்; சில நாள் கழித்து மறுபடியும் எக்ஸ்ரே எடுக்கிறார்கள், அதற்குள் விரிசல் படத்தில் தெரியத் தொடங்கியிருக்கும்.

எனவே திடலில் உதை விழுந்தால் உதைத்த குதிரையின் சவாரிக்காரர் செய்ய வேண்டியது: குதிரையை வெளியே கொண்டுபோய் விலகலான இடத்தில் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, உதை எந்தக் காலில், எந்த இடத்தில் பட்டது, தன் குதிரைக்குப் பின்னங்கால் இலாடம் உண்டா இல்லையா என்பதை அடிபட்டவரிடமும், மைதானத்தை மேற்பார்க்கும் ஸ்டூவர்டிடமும் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். தொலைபேசி எண்ணைக் கொடுக்க வேண்டும். சிறு கீறல்தான் என்று அந்தப் பக்கத்தார் சொன்னாலும், மருத்துவர் பார்க்கும் வரை உதை வாங்கிய குதிரையை டிரெய்லரில் ஏற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.